கம்ப்யூட்டரை அணைப்பதா, ஓட விடுவதா: கடலூர் கடலோர வீட்டுக்கு எது சரி?

எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பை ராத்திரி ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுகிறோம். அதற்கு முன்னால் இராப்பகலாக ஓட விட்டும் பார்த்தாயிற்று, ஸ்லீப்பில் போட்டும் பார்த்தாயிற்று. வீடு தேவனாம்பட்டினம் பக்கம். மாடிக்குப் போனால் அலைச் சத்தம் கேட்கும் தூரம். கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குச் சரியாக வரும் பதில் இங்கே அப்படியே வராது என்பதால்தான் இடத்தையும் சொல்கிறேன்.

ஓட விடச் சொல்பவர்கள் எடுத்தவுடன் சொல்வது, அடிக்கடி ஆன் ஆஃப் செய்தால் ஹார்டு டிஸ்க் போய்விடும் என்பது. சுழலும் டிஸ்க்கே பல்லாயிரம் தடவை நின்று கிளம்பத் தாங்கும். தினம் ஒரு தடவை அணைத்தால் வருஷத்துக்கு 365தான் ஆகிறது. சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு எதுவுமே இல்லை. அந்தப் பயம் வேண்டாம்.

கரண்ட் பில்லையும் சீக்கிரம் முடித்துவிடலாம். சும்மா ஓடும் டெஸ்க்டாப் 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ராத்திரி 10 மணி நேரத்துக்கு 0.6 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே கணக்கெடுப்பு, அந்தக் கணக்கில் 36 யூனிட். இலவச யூனிட்டைத் தாண்டி, அடுத்தடுத்த படிகளில் ஏறி நிற்கும் வீட்டுக்கு இது தண்டச் செலவு. ஸ்லீப்பில் போட்டால் நாலைந்து வாட்தான், இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட்டுக்குள் அடங்கும். ஆக, பில்லைக் காட்டி ஓட விடுவதை ஒதுக்கலாம், ஸ்லீப்பை ஒதுக்க முடியாது.

என்னை முடிவெடுக்க வைத்தது கரண்ட் போய் வரும் விதம். புயலைச் சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தபோதும் முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தது. அப்படிப்பட்ட நாளில் யாரும் சொல்லாமலே பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். ஆபத்து சாதாரண ராத்திரியில் இருக்கிறது. கடலோரத்தில் கம்பத்து இன்சுலேட்டர்கள் மீது உப்பு படிந்துகொண்டே இருக்கும். நல்ல மழை கொட்டினால் கழுவிக்கொண்டு போகும். பனியோ சின்னத் தூறலோ விழுந்தால் அந்த உப்பு நனைந்து, அதன் வழியே மின்சாரம் கசியும், பொறி பறக்கும், லைன் ட்ரிப் ஆகும். வானம் அமைதியாக இருக்கும்போதே கரண்ட் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போது ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் கதி என்ன? சாதாரண 600 விஏ யூபிஎஸ், பேட்டரி நன்றாக இருந்தால் பத்துப் பதினைந்து நிமிஷம் தாங்கும். பகலில் அது கீ கீ என்று கத்தினால் எழுந்து போய் அணைப்போம். நடுராத்திரியில் யார் கேட்பது? பேட்டரி முழுக்க வற்றி, மெஷின் பொத்தென்று நிற்கும். விண்டோஸ் அப்டேட் பாதியில் நிற்பது அந்த நேரத்தில்தான். ஈய அமில பேட்டரி இப்படி அடிமட்டம் வரை வற்ற வற்ற அதன் ஆயுளும் குறையும். ஸ்லீப்பிலும் இதே கதைதான், என்ன, இழுப்பு குறைவு என்பதால் கொஞ்சம் தாமதமாக நடக்கும். திறந்து வைத்த வேலை ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது, ரேமுக்குக் கரண்ட் நின்றால் அதோடு போயிற்று.

போவதைவிட, திரும்பி வருவதுதான் எனக்குப் பயம். வரும், உடனே போகும், மறுபடி வரும், பல்பு ஒரு கணம் பளீரென்று எரிந்து அடங்கும். அந்த அடி நேராக எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டியில் விழும். ஷட் டவுன் மட்டும் போதாது என்று சொல்வது இதனால்தான். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, அணைத்த கம்ப்யூட்டரிலும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் லைன் ஒன்றை உயிரோடு வைத்திருக்கும். சுவிட்சையும் யூபிஎஸ்ஸையும் அணைத்தால் அதுவும் அடங்கும். இடி மின்னல் என்றால் பிளக்கையே பிடுங்க வேண்டும், ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் சேர்த்து.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அது ஈரம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். ஓடும் மெஷின் உள்ளே சூடாக இருப்பதால் போர்டு உலர்ந்தே இருக்கும். அதே சமயம் ஃபேனும் ராத்திரி முழுக்க உப்புக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். ஆயுத பூஜைக்குத் துடைக்கத் திறந்தால், ஃபேன் இறக்கையில் தூசி பொடியாக உதிராது, பிசுபிசுவென்று திட்டாக உரிந்து வரும். பின்பக்கத் திருகாணிகளில் துரு. கேபிள் செருகாத யூஎஸ்பி துளைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும். எது அதிகம் கெடுக்கிறது, ஈரமா காற்றா என்று ஒரு வீட்டு மெஷினை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் வேலை இல்லாத நாளிலும் கொஞ்ச நேரம் ஓட்டி சூடாக்கிவிட்டு அணைக்கிறோம். இதுவரை சிக்கல் இல்லை.

அணைக்கிற பக்கம் வருபவர்களுக்கு இரண்டு சின்ன விஷயம். விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருப்பதால், ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டத்தின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்து மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். மெஷின் மந்தமாக இருந்தால் ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுங்கள், அதுதான் முழுசாகப் புதிதாகத் தொடங்கும். அப்புறம், சுவிட்சை அணைத்து வைத்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். தேதி தப்பாகக் காட்டினால் மாற்றிவிடலாம், விலை குறைவுதான்.

லேப்டாப்புக்கு இவ்வளவு கவலை தேவையில்லை, பேட்டரியே அதற்கு யூபிஎஸ். மூடி ஸ்லீப்பில் வைத்து, சார்ஜரை மட்டும் பிடுங்கினால் சரி. வீட்டில் லேப்டாப் அதிகம் புழங்காததால் இதற்கு மேல் அழுத்திச் சொல்லவில்லை.

கேமரா பதிவு, பெரிய பேக்கப் என்று ராத்திரியிலும் ஓட்டியே ஆக வேண்டியவர்கள், யூஎஸ்பி வாய் உள்ள யூபிஎஸ் என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது இருக்காது. அந்தக் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகி, பேட்டரி குறைந்தால் தானாக ஹைபர்னேட் ஆகும்படி (திறந்த வேலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணையும்படி) அமைத்துவிட்டு, ஒரு நாள் பகலில் யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிப் பக்கத்தில் நின்று சோதித்துவிடுங்கள்.