மாமாவுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த பொய்ப் பூர்வீகம்

என் கணவர் குடும்பம் லிவர்பூலில் நான்கு தலைமுறையாக இருக்கிறது. அதற்கு முன் அயர்லாந்து. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். என் மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போய், பேரப்பிள்ளைகளிடமும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார். எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு அவரை ஒருமுறை அழைத்துப் போனேன். ஏழு தலைமுறையாக இதே அரசமரத்தடியில்தான் பொங்கல் வைக்கிறோம் என்று என் அப்பா சொன்னபோது, மாமா நெடுநேரம் பேசவே இல்லை. திரும்பும் வழியில், "எனக்கு அப்படி ஒரு மரம் எங்கே இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய 80-வது பிறந்தநாளுக்கு அந்த மரத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும் என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். இணையத்தில் விளம்பரம் செய்த ஒரு வம்சாவளி ஆய்வு நிறுவனத்திடம் பணம் கட்டினோம். ஆய்வுக்கு 640 பவுண்ட், டிஎன்ஏ சோதனைக்கு 190, ஃபிரேம் போட்ட குடும்பச் சின்னத்துக்கு (பரம்பரையைக் குறிக்கும் கேடய முத்திரை) 85. மொத்தம் 915 பவுண்ட், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக.

எங்களிடம் இருந்த விவரம் மிகக் குறைவு. மாமாவின் கொள்ளுத்தாத்தா பெயர் ஜான் கெல்லி. 1852 வாக்கில் பிறந்தவர், லிவர்பூல் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், 1889-இல் இங்கேயே இறந்தவர். இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'அயர்லாந்து' என்று மட்டும் எழுதியிருந்தது. ஊர் இல்லை.

மூன்று மாதத்தில் நீலத்தோல் அட்டை போட்ட பெரிய புத்தகம் வந்தது. 1740 வரைக்கும் போகும் குடும்ப மரம். ரோஸ்காமன் மாவட்டத்தில் ஒரு டவுன்லாண்டின் பெயர், வரைபடத்தோடு. (டவுன்லாண்ட் என்றால் நகரம் அல்ல. சில வீடுகளும் வயல்களும் சேர்ந்த குக்கிராமம் மாதிரி ஒரு நிலப்பகுதி. அயர்லாந்தில் 60,000-க்கும் மேல் இருக்கின்றன.) மாமாவைக் கூட்டிக்கொண்டு போனோம். இடிந்த ஒரு கல்சுவர் பக்கத்தில் நின்று அழுதார். கைக்குட்டையில் ஒரு பிடி மண் எடுத்து முடிந்துகொண்டார். அந்த மண் இப்போதும் அத்தையின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சாடியில் இருக்கிறது.

அது எங்கள் மண் இல்லை.

எங்கள் ஊர் நூலகத்தில் குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு உதவும் ஒரு பெரியம்மா இருக்கிறார். பெருமைக்காகத்தான் அவரிடம் புத்தகத்தைக் காட்டினேன். அவர் படங்களைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசியில் இருந்த ஆதாரப் பட்டியலுக்குப் போனார். 'ரோஸ்காமன், 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு' என்ற வரியில் விரலை வைத்து, "இதை இவர்கள் எங்கே பார்த்தார்களாம்?" என்று கேட்டார்.

1922 ஜூன் 30 அன்று, அயர்லாந்து உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகள், சில துண்டுகள் தவிர, அதோடு போயின. 1861, 1871 ஏடுகளை அரசே அதற்கு முன்பு அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகிவிட்டன. முழுதாகக் கிடைக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பே 1901-தான். அயர்லாந்து வம்சாவளி தேடுகிற எவரும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளும் விஷயம் இது. 640 பவுண்ட் வாங்கிய நிறுவனத்துக்கா தெரியாமல் போயிருக்கும்?

அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். புத்தகத்தில் இருந்த ஜான் கெல்லியின் ஞானஸ்நானப் பதிவு உண்மையானதுதான். அயர்லாந்து தேசிய நூலகம் கத்தோலிக்கத் தேவாலயப் பங்குப் பதிவேடுகளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது, அதில் 1852-ஆம் ஆண்டுப் பக்கத்தில் பெற்றோர் பெயரோடு பார்த்தேன். அப்புறம் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில், அதுவும் இலவசம், 1901 கணக்கெடுப்பைத் திறந்தேன். அதே டவுன்லாண்ட். ஜான் கெல்லி, வயது 48, மனைவி, ஆறு பிள்ளைகள், கூடவே விதவையான தாய், ஞானஸ்நானப் பதிவில் உள்ள அதே பெயர். எங்கள் ஜான் இறந்து பன்னிரண்டு வருடம் கழித்து, இந்த ஜான் தன் வீட்டில் உயிரோடு இருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவர்கள் செய்தது இவ்வளவுதான்: பெயரும் வயதும் பொருந்தும் ஒரு ஆளைப் பிடித்து எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். கெல்லி அயர்லாந்தில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எடுத்த கிரிஃபித் நில மதிப்பீட்டில், ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருந்தால் அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள், நாம் இனிஷியல் போடுவது போல. வயதையும் நம்ப முடியாது. 1909-இல் 70 வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வந்ததும், 1901 கணக்கெடுப்புக்கும் 1911 கணக்கெடுப்புக்கும் இடையில் பலருக்குப் பத்து வயதுக்கு மேல் கூடிவிட்டது. பெயர், வயது தவிர மூன்றாவதாக ஒன்று பொருந்தாமல் யாரையும் தாத்தா என்று சொல்லக்கூடாது.

டிஎன்ஏ விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மாமாவின் எச்சிலை வாங்கி, '81 சதவீதம் ஐரிஷ்' என்று ஒரு வட்டப் படமும், பழங்கால ஐரிஷ் அரசன் நியாலின் வழிவந்தவர் என்று ஒரு சான்றிதழும் அனுப்பினார்கள். 2006-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் வடமேற்கு அயர்லாந்து ஆண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம் (அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் வருவது) இருப்பதைக் கண்டு, அது ஐந்தாம் நூற்றாண்டு நியாலின் வம்சத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்றார்கள். இருக்கலாம் என்றுதான். அதைச் சான்றிதழாக அச்சடிக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தச் சதவீதமும் ஊரைக் காட்டாது. ஒரே எச்சிலுக்கு வேறு வேறு நிறுவனம் வேறு வேறு எண் தரும். உண்மையில் பயன்படுவது, நம்மோடு டிஎன்ஏ பகிரும் உறவினர் பட்டியல். அதை எங்களுக்குக் காட்டவே இல்லை. கணக்கை அவர்கள் பெயரில் திறந்து, கடவுச்சொல்லையும் வைத்துக்கொண்டார்கள். மாமாவின் மரபணுத் தகவல் இன்று யார் கையில் இருக்கிறது என்று கேட்டு நான்கு மின்னஞ்சல் போட்டும் பதில் வரவில்லை.

குடும்பச் சின்னமும் அப்படித்தான். அயர்லாந்தில் சின்னம் தனிமனிதருக்கோ அமைப்புக்கோதான் வழங்கப்படும், கெல்லி என்ற பெயருக்கு என்று பொதுவாக ஒன்று கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "வம்சாவளி ஆய்வு என்பது சாத்தியக்கூறுகளின் அடிப்படையிலானது, விதிமுறையில் இருக்கிறது" என்றார்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கோ சேவைக்கோ இங்கே அட்டை நிறுவனமும் சட்டப்படி பொறுப்பு. நாங்கள் வங்கியிலிருந்து அனுப்பியதால் அந்த வழியும் இல்லை.

பிறகு எங்கள் பெயரிலேயே கணக்குத் திறந்து மாமா மறுபடி சோதனை செய்தார். பாஸ்டனில் ஒரு அம்மாள் 81 சென்டிமார்கன் (பகிரும் டிஎன்ஏவை அளக்கும் அலகு) பொருந்தினார், மூன்றாம் நிலை ஒன்றுவிட்ட சகோதர உறவுக்கு, அதாவது இருவரின் கொள்ளுத்தாத்தாக்களும் உடன்பிறந்தவர்களாக இருப்பதற்கு ஏற்ற அளவு. அவருடைய கொள்ளுத்தாத்தாவும் ஒரு கெல்லி, அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து போனவர். எங்கள் ஜானின் கல்யாணப் பதிவு லிவர்பூல் தேவாலயத்தில் லத்தீனில் இருந்தது. அதில் அவர் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருந்தது. பாஸ்டன் அம்மாளிடம் இருந்த பெயரும் அதுவே. டவுன்லாண்ட் இன்னும் கிடைக்கவில்லை. டப்ளினில் தேசிய நூலகத்தின் இலவச ஆலோசனை மேசைக்கு அடுத்த மாதம் போகிறோம்.

மாமாவிடம் சொன்னபோது சாடியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு கெல்லியின் மண்தானே, இருக்கட்டும்" என்று திரும்ப வைத்துவிட்டார்.

இதே மாதிரி நீலத்தோல் புத்தகம் உங்களில் யாரிடமாவது இருந்தால், கடைசிப் பக்கங்களைத் திறந்து 1841 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். இருந்தால் எனக்கு எழுதுங்கள். நுகர்வோர் புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.