வேலூர் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார்: யாருக்குக் கட்டுப்படியாகும்?

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீடென்றால் தயங்காமல் போடலாம். 200-க்குள் அடங்கும் வீட்டுக்கு வேண்டாம். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறும் சலுகை விலை. 500-ஐத் தாண்டினால்தான் அந்த இரண்டாவது நூறின் சலுகை கழன்று பில் எகிறும்.

540 வாட் பேனல் ஆறு, பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் ஒன்று. நிழல் விழாத 250 முதல் 300 சதுர அடி, தெற்குப் பார்த்து 13 டிகிரி சாய்வு. நாளுக்குச் சராசரி 12 யூனிட் வரும், ஐப்பசி கார்த்திகையில் குறையும். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய்: முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் கிடையாது. உள்நாட்டு செல் போட்ட டிசிஆர் பேனலுக்கு மட்டுமே மானியம். சீரியல் எண்ணோடு சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

இங்கே சொதப்புவது எர்த்திங்தான். சத்துவாச்சாரி மலையடிவாரம் மாதிரிப் பாறை மண்ணில் கம்பியை அடித்துவிட்டுப் போனால் எர்த் நிற்காது. பேனல் பக்க டிசி, இன்வெர்ட்டருக்குப் பிந்தைய ஏசி, இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனிக் குழி வேண்டும், ஈரம் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண் நிரப்ப வேண்டும், எர்த் அளக்கும் மீட்டரில் 5 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடிக்க விடாதீர்கள், அடுத்த மழைக்கே ஒழுகும். கான்கிரீட் கட்டை வைத்து நிறுத்தச் சொல்லுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் உப்பு வெள்ளையாகப் படியும், மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ நல்லது. பேனல் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் உற்பத்தி போகும். சித்திரையில் 65-ஐத் தொட்டால் 14 சதவீதம் காலி. அடியில் காற்றோட்டம் விடுங்கள். கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது.

“மானியம் கொடுத்துத்தானே சோலார் ஓடுகிறது” என்பவர்களுக்கு: லைனில் வரும் கரண்டுக்கும் ஊர்ப்பணம்தான் போகிறது, பசுமைக்கென்று எடுத்த பணமும் வேறு பக்கம் போனது. 2010-இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய நிலக்கரி வரி 2016-இல் 400 ஆனது. பசுமை மின்சாரத்துக்கென்று வசூலித்ததை 2017-இல் மாநிலங்களுக்கான ஜிஎஸ்டி இழப்பீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். இலவச 100 யூனிட்டுக்கான பணம் கருவூலத்திலிருந்து மாசக் கணக்கில் போய்க்கொண்டே இருக்கும், 78,000 ஒரே தரம். ஆனால் வருமானம் போகிறதென்ற மின்வாரியத்தின் புலம்பலிலும் நியாயம் உண்டு. கூடுதல் கட்டணம் கட்டுகிறவர்கள்தான் முதலில் சோலாருக்குப் போகிறார்கள். ராத்திரியில் அவர்கள் வீட்டு ஏ.சி.யும் ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கத்தில் வெட்டி பாரதீப் துறைமுகம் வழியாக எண்ணூருக்குக் கப்பலில் வரும் கரியில்தான் ஓடுகிறது.

கடைசித் தவணையை, லைனுக்குப் போவதையும் வருவதையும் கணக்கிடும் நெட் மீட்டர் மாட்டி, எர்த் அளவை எழுதிக் கொடுத்த பிறகே கொடுங்கள்.