பழையபேட்டை ஸ்டூடியோவும் பெயர் தெரியாத கோவிலும்

மங்கிப்போன படங்களைப் புதுப்பித்துத் தரும் கடை என்று சொல்லித்தான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள இந்த ஸ்டூடியோவுக்கு என் மைத்துனர் என்னை அனுப்பினார். அங்கே எனக்குக் கிடைத்த சேவை வேறு வகையானது என்பதாலும், வீட்டில் பழைய படங்களை வைத்துக்கொண்டு அவை எந்த ஊரில் எடுக்கப்பட்டவை என்று தெரியாமல் இருப்பவர்கள் நம் மாவட்டத்தில் பலர் இருப்பார்கள் என்பதாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கொண்டுபோனது என் தாத்தா பாட்டியின் திருமணப் படம். தடித்த அட்டையில் ஒட்டப்பட்ட, அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிய படம். தாத்தா கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கிறார். பாட்டி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பின்னால் மூன்று படிகள், பாதிக் கதவு, பக்கச் சுவரில் ஒரு பகுதி. அது ஒரு கோவில் என்பதற்குக் கதவின் மேலுள்ள சிலுவை மட்டுமே சாட்சி. கோபுரம் படத்தில் விழவில்லை. எங்கள் பூர்வீகம் எலத்தகிரி என்பதால் எலத்தகிரிக் கோவில்தான் என்றார் அப்பா. சித்தப்பா மத்திகிரி என்றார். அம்மாவுக்குத் தருமபுரிப் பக்கத்துக் கோவிலூர் என்று சந்தேகம். இருபது ஆண்டுகளாக இந்த மூன்று ஊர்களுக்குள்ளேயே வழக்கு நடந்ததே தவிர, இந்த வட்டாரத்தைத் தாண்டி யாரும் யோசிக்கவில்லை.

இதற்கு முன் வேறொரு ஊரில் ஒரு கடையில் இதே படத்தைக் கொடுத்திருந்தேன். அவர்கள் கணினியில் ஏற்றி, கறைகளை நீக்கி, கீறல்களை அழித்து, வானத்தை மாசில்லாமல் வெளுத்து, தாத்தாவின் முகத்தில் இல்லாத மினுமினுப்பையும் சேர்த்துத் தந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழிக்கப்பட்ட கறையும் கீறலும் என்னவாக இருந்தன என்பது பழையபேட்டைக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். படத்தை வாங்கியதும் ஸ்கேனரில் வைக்கவில்லை. ஓரங்களில் வெள்ளி பூத்ததுபோல் நீலமாகப் பளபளத்த இடத்தைக் காட்டி, இது பழைய வெள்ளி உப்புப் படங்களில் இயல்பாக வருவது, துடைக்கக் கூடாது என்றார். பிறகு கேட்டார்: “சுத்தம் பண்ணணுமா, எந்த ஊர்னு கண்டுபிடிக்கணுமா? ரெண்டும் வேற வேலைங்க.” இரண்டும்தான் என்றேன். அப்படியானால் கண்டுபிடிக்கும் வேலை முதலில், சுத்தம் கடைசியில் என்று சொல்லிவிட்டார்.

அடுத்து அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு சிறிய டார்ச்சை மேசையோடு ஒட்டினாற்போல் படுக்க வைத்து, அட்டையின் மேல் வெளிச்சம் பக்கவாட்டில் மட்டும் விழும்படி செய்தார். அதுவரை வெறுமையாகத் தெரிந்த கீழ் மூலையில், மை இல்லாமல் அழுத்திப் பதித்த முத்திரை ஒன்று நிழலாக எழுந்து வந்தது. ஸ்டூடியோவின் பெயர் தேய்ந்து போயிருந்தது. கடைசியில் ஆங்கில எழுத்துகளில் ‘பெட்’ என்பது மட்டும் படிக்க முடிந்தது. “இதோ நம்ம பழையபேட்டை” என்று நான் மகிழ்ந்தேன். அவர் பதில் சொல்லாமல் டார்ச்சை இன்னொரு பக்கமாக நகர்த்தினார். ‘பெட்’டுக்கு முன்னால் எஸ், ஓ, என் என்ற மூன்று எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தன. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்ற இரண்டு பெயர்களை அவரே சொன்னார். இரண்டும் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இருக்கின்றன.

அதன் பிறகே படத்தை மிக நுணுக்கமான அளவில் ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கிக் காட்டினார். முந்தைய கடை கீறல் என்று அழித்த கோடு, சுவரை ஒட்டி நின்ற ஒரு மின்கம்பம். அதன் தலையில் பீங்கான் குமிழ்கள்கூடத் தெரிந்தன. தாத்தா திருமணம் செய்த 1930களில் எங்கள் கிராமத்தில் மின்சாரம் கிடையாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தங்கவயலுக்கோ சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902லேயே மின்சாரம் வந்துவிட்டது. கறை என்று வெளுக்கப்பட்டது, தொலைவில் மரமோ புதரோ இல்லாமல் மொட்டையாக, உச்சி தட்டையாக நின்ற ஒரு வெளிர் மேடு. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய மண்ணை அங்கே மலைபோல் குவித்தார்கள். அதில் எளிதில் புல்கூட முளைப்பதில்லை. சயனைடு மேடு என்று தங்கவயல்காரர்கள் சொல்வது அதைத்தான்.

ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது முதல், அன்றைய சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே போனார்கள் என்பதும், தாத்தா சில காலம் ‘வயலில்’ இருந்தார் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த ‘வயல்’ நெல்வயல் என்று என் தலைமுறை நினைத்துக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை.

இவ்வளவு சொன்னவர் கோவிலின் பெயரை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். தங்கவயலில் கோவில்கள் பல. கத்தோலிக்கக் கோவிலும் உண்டு, ஆங்கிலேயர் கட்டிய சீர்திருத்த சபைக் கோவிலும் உண்டு. மூன்று படியையும் பாதிக் கதவையும் வைத்துக்கொண்டு பெயர் சொல்வது ஜோசியம் என்றார். அங்கே பிறந்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் அழைத்து வரச் சொன்னார். எண்பது வயதைக் கடந்த என் அத்தையை அடுத்த வாரம் அழைத்துப்போனேன். கடை முதல் மாடியில் இருக்கிறது, படிகள் செங்குத்து, பிடிச்சுவரும் சரியில்லை. ஆகவே அவரே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கீழே ஆட்டோ வரை இறங்கி வந்தார். அத்தை தாத்தாவையும் பாட்டியையும் பார்க்கவே இல்லை. மேட்டைப் பார்த்தார். “இது நம்ம லைன் வீட்டுக்கு எதுத்தாப்ல இருந்த மேடுடா. இது சாம்பியன் மாதா கோவில். இந்தப் படியில உக்காந்துதான் ஞானோபதேசம் படிச்சோம்” என்றார். தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் உள்ள வெற்றி அன்னை ஆலயத்தைத்தான் சொல்கிறார் என்று உறுதி செய்துகொண்டோம். திருமணப் பதிவேட்டில் பார்க்கும் வேலை பாக்கி இருக்கிறது. அது கடையின் வேலை அல்ல, எங்கள் வேலை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நான்கு நாளில் தருவதாகச் சொன்னவர் பதினோரு நாள் எடுத்துக்கொண்டார். இரண்டு முறை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன், தொலைபேசியை எடுப்பதில்லை. ரசீது கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். புதுப்பித்த பிரதியில் பாட்டியின் சேலைக் கரை கொஞ்சம் கறுத்துவிட்டது, அதைத் திருத்தச் சொல்லி மறுபடியும் கொடுத்திருக்கிறேன்.

ஸ்கேன், திருத்தாத கோப்பு, புதுப்பித்த கோப்பு, பெரிய அளவுப் பிரதிகள் இரண்டு ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து என்னிடம் 1,400 ரூபாய் வாங்கினார். திருத்தாத கோப்பைக் கேட்காமலேயே தந்ததுதான் என் பார்வையில் அந்தப் பணத்துக்கு உரிய மதிப்பு. புதுப்பித்த பிரதியிலும் கம்பத்தையும் மேட்டையும் அப்படியே விட்டிருக்கிறார். போகிறவர்கள் படத்தைச் சட்டத்திலிருந்து தாங்களாகப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோகவும்; கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அவரே பொறுமையாகப் பிரித்துக்கொள்கிறார். ஞாயிறன்று கடை கிடையாது. மாலை நான்கு மணிக்குமேல் போனால் ஆள் இருக்க வாய்ப்பு அதிகம்.