18,500 ரூபாய் 'எஸ்.எஸ்.' கிளிக்கூண்டு: கிளி வளர்ப்பவர்கள் கொஞ்சம் படியுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 18,500 ரூபாய் போனது. கிளியும் போயிருக்கும், மயிரிழையில் தப்பியது.

வீடு சேலம் அம்மாபேட்டை. இரண்டு வருடமாக ஒரு சன் கான்யூர் வளர்க்கிறோம், பெயர் ஜாங்கிரி. (பச்சைக்கிளி இல்லை. நம் ஊர்க் கிளியை வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இது தென் அமெரிக்க இனம்.) கிளி இருக்கும் வீட்டில் ஒரு சாமான் முழுசாக இருக்காது. என் லேப்டாப்பில் ஷிப்ட் பட்டன் இல்லை. கதவு நிலையின் ஒரு மூலை எலி கரண்டியது போல இருக்கிறது. அப்பாவின் கண்ணாடியில் மூக்கின் மேல் உட்காரும் ரப்பர் இரண்டும் காணாமல் போய், ஒன்று மறுநாள் தண்ணீர்க் கிண்ணத்தில் மிதந்தது. திட்டிப் பயனில்லை. அலகு வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்தாக வேண்டும். பழைய கூண்டின் தாழ்ப்பாளைத் திறக்கவும் பழகிவிட்டதால்தான் நல்ல எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கூண்டு தேடினேன்.

கூண்டு மட்டுமே விற்கும் ஒரு ஆன்லைன் பக்கம். நான் கேட்காமலேயே விற்பவர் வீடியோ காலில் வந்தார். கம்பியில் காந்தத்தை வைத்தார், ஒட்டாமல் விழுந்தது. (304 என்கிற தர எஸ்.எஸ்.ஸில் காந்தம் ஒட்டாது.) "304 கிரேடு சார், கழுகே கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது." பின்னால் அவர் வீட்டுக் கிளி கத்தியது. நான் விழுந்தது அந்தச் சத்தத்தில்தான். கிளி வளர்க்கிற ஆள் நம்மை ஏமாற்றுவாரா என்று ஒரு நினைப்பு. பாதி அட்வான்ஸ் போதும் என்றார். "இருக்கட்டுங்க" என்று மொத்த 18,500-ஐயும் நானாகவே யுபிஐயில் போட்டேன். நானாகவே!

லாரி பார்சலில் வந்தது, டு-பே (பார்சலை எடுக்கும்போது நாம் கட்டும் லாரிக் கூலி) 650 தனி. பளபளவென்றுதான் இருந்தது. நான்காம் நாள் அடித்தட்டில் வெள்ளி நிறத்தில் செதில் செதிலாகக் கிடந்தது. ஜாங்கிரி கம்பியின் தோலை உரித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் தின்றதையெல்லாம் கக்கியது, எச்சம் தண்ணீராகப் போனது, இறகைச் சிலுப்பிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் புத்தி வந்து பிரிட்ஜில் இருந்த மாம்பழக் காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். டக்கென்று ஒட்டியது.

மறுநாள் காலை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் வயிற்றில் பளீர் பளீரென்று புள்ளிகள். ஜி.ஐ. கம்பிக்கு (துத்தநாகம் பூசிய இரும்பு) மேல் சில்வர் பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். அந்தத் துத்தநாகப் பூச்சு கிளிக்கு விஷம் என்று டாக்டர் விளக்கினார்.

போன் போட்டேன். முதல் நாள், "வளைச்ச இடத்துல எஸ்.எஸ்.லயும் லேசா ஒட்டும் சார்." அது உண்மைதான். ஆனால் இங்கே நேர்க்கம்பியில் எங்கு வைத்தாலும் மாம்பழம் தொங்குகிறது. இரண்டாம் நாள், "பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கா? 48 மணி நேரத்துக்குள்ள சொல்லணும்." மூன்றாம் நாள் வேறு ஒரு பையன் எடுத்தான். "அண்ணா, ஓனர் ஃபங்ஷன்ல இருக்காரு. கிளி கடிச்சதுக்கு நாங்க என்னண்ணா பண்ண முடியும்?" கிளிக்கூண்டு விற்றவன் கேட்கிற கேள்வி இது! எக்ஸ்ரே படத்தை அனுப்பினேன். இரண்டு நீல டிக். அப்புறம் பிளாக்.

எதிர் வீட்டு வெல்டர் அண்ணன் கூண்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "இரும்பாலை இருக்கிற ஊர்ல உட்கார்ந்துகிட்டு ஆன்லைன்ல எஸ்.எஸ். வாங்கினியா தம்பி?" என்றார். 18,500 போனதைவிட அது சுருக்கென்றது.

கூண்டு வாங்குவது பற்றி விவரமாகப் பத்து விஷயம் எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பார்சல் ஆபீசிலேயே பிரித்து, வீடியோ எடுத்து, நேர்க்கம்பியில் காந்தம் வைத்துப் பாருங்கள். முழுப் பணம் முன்னால் போடாதீர்கள். பில்லில் '304' என்று எழுதி வாங்குங்கள், எனக்கு வந்த பில்லில் வெறும் 'கூண்டு 1' என்றுதான் இருக்கிறது. பணம் போனதும் சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடியுங்கள், என்னைப் போல ஒரு வாரம் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள்.

ஜாங்கிரி இப்போது அட்டைப்பெட்டியில் இருக்கிறது. நேற்றிலிருந்து பெட்டியின் ஓரத்தைக் கடிக்க ஆரம்பித்திருக்கிறது. மணி ஒன்பது, மருந்து கொடுக்க வேண்டும்.