வேலை பிடித்துத் தரும் செயலி: வீட்டு ஜன்னல் துடைப்பவரின் மதிப்பீடு

வீட்டு ஜன்னல்களைச் சுத்தம் செய்வது என் தொழில். கடை, அலுவலகம், உயரக் கட்டடம் எதுவும் எடுப்பதில்லை. வாடிக்கையாளர்களைப் பிடித்துத் தருகிற ஒரு செயலியில் காசு கட்டிச் சேர்ந்து, பெரும்பாலும் அதை நம்பியே ஒரு சீசன் முழுக்க ஓட்டியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "அதில் சேரலாமா?" என்பதுதான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதே முறையில் இயங்குகிற செயலிகள் பல இருக்கின்றன, அதனால் பெயரை விட்டுவிட்டு முறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருவேன். கையில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாத ஆரம்பக் கட்டத்தில் நல்ல உதவி. விலை விஷயத்தில் மட்டும் அது சொல்வதைக் கேட்கவே கூடாது.

வேலை செய்கிற விதம் இதுதான். வீட்டுக்காரர் தனக்கு ஆள் வேண்டும் என்று பதிவு செய்கிறார். அந்த விவரம் என்னைப் போன்ற நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் போகிறது. அவருடைய எண்ணைப் பார்க்க ஒவ்வொருவரும் ஒரு தொகை கட்ட வேண்டும். வேலை கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பாது. யார் முதலில் கூப்பிடுகிறாரோ அவர் பக்கம்தான் பெரும்பாலும் சாயும். ஏணி மேல் நிற்கும்போது அறிவிப்பு வந்தால் நான் எடுப்பதில்லை. யாரும் எடுக்கக் கூடாது. அதனால், போனைப் பார்த்துக்கொள்ள வீட்டிலோ அலுவலகத்திலோ ஓர் ஆள் இருக்கிறவருக்குத்தான் இந்த ஏற்பாடு முழுசாகப் பயன்படும். தனியாளுக்கு மழை நாட்களிலும் சாயங்காலத்திலும் வருகிற விசாரணைகள் மட்டுமே ஓரளவு தேறும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். துடைப்பதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களைப் போட இடம் இருக்கிறது, அதைப் பார்த்தே கூப்பிட்டவர்கள் உண்டு. எத்தனை கிலோமீட்டருக்குள் வேலை வேண்டும் என்று நாமே வரையறுக்கலாம். வாடிக்கையாளர் எழுதுகிற கருத்தைச் செயலி அழிப்பதில்லை. இதெல்லாம் சரி.

கோளாறு 'உடனடி விலை' என்கிற பகுதியில் இருக்கிறது. "மூன்று படுக்கையறை வீடு" என்ற ஒற்றை வரியைக் காட்டி, மொத்தம் எவ்வளவு என்று கேட்கிறது. மற்றவர்கள் சொன்ன விலையின் சராசரியையும் பக்கத்திலேயே போட்டு, அதற்குக் கீழே வரச் சொல்லித் தூண்டுகிறது. படுக்கையறைக் கணக்குக்கும் என் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு வீட்டில் சுவர் அகலத்துக்கு ஒரே கண்ணாடி இருக்கும், நாலு இழுப்பில் முடிந்துவிடும். அதே அகலத்தை இன்னொரு வீட்டில் பன்னிரண்டு சின்னச் சட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் நாலு ஓரம், அதாவது நாற்பத்தெட்டு ஓரங்களைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பரப்பளவு ஒன்றுதான், நேரம் பல மடங்கு.

அப்புறம் உப்புக்கறை. செயலியில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. தோட்டத்துத் தெளிப்பான் தண்ணீர் நாள் தவறாமல் பட்ட ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கத் தூசி போலத்தான் தெரியும். ஈரத்துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்ததும் பளிச்சென்று ஆகிவிடும். வீட்டுக்காரர் திருப்தியோடு தலையாட்டுவார். ஒரு நிமிடம் காயவிடுங்கள். வெள்ளை வெள்ளையாக அதே வட்டங்கள் திரும்ப வந்து நிற்கும். தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகள் படிந்து இறுகியிருக்கின்றன என்று அர்த்தம். சோப்புத் தண்ணீருக்கு அது அசையாது. மிதமான அமிலக் கலவை போட்டு, சட்டத்திலும் கல்லிலும் படாமல் பார்த்து, தேய்த்து எடுக்க வேண்டும். பல வருஷம் ஊறியிருந்தால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கும், மெருகேற்றினால்தான் உண்டு. இப்படி ஒரு ஜன்னல் சாதாரண ஜன்னல்கள் பலவற்றின் நேரத்தைத் தின்றுவிடும். இதைப் பார்க்காமல் எப்படி விலை சொல்வது?

புதிதாகக் கட்டிய வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. பெயின்ட், சிமென்ட் துளிகளைப் பிளேடு போட்டுச் சுரண்டச் சொல்வார்கள். மூலையில் முத்திரை குத்திய டஃபன் கண்ணாடியா, அதாவது உலையில் சூடாக்கி வலுவேற்றிய கண்ணாடியா என்று முதலில் பாருங்கள். அப்படிச் சூடாக்கும்போது சில கண்ணாடிகளின் மேல் நுண்ணிய துகள்கள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்தால் கண்ணாடி முழுக்கக் கீறல் விழும். அந்த வேலைக்குத் தனி விலை சொல்ல வேண்டும், கீறல் அபாயத்தை எழுத்தில் சொல்லிக் கையெழுத்தும் வாங்க வேண்டும்.

நான் விலை போடுகிற முறையைச் சொல்கிறேன். முதலில் மாதத்துக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பேன்: என் கூலி, வண்டி எரிபொருள், ரப்பர் பட்டை, துணி, காப்பீடு, மழையால் வீணாகிற நாட்கள். அதை மாதத்து வேலை நேரத்தால் வகுப்பேன். எட்டு மணி நேர நாளில் கை உண்மையில் கண்ணாடி மேல் இருப்பது ஐந்து மணி நேரம் போலத்தான், மீதி பயணத்திலும் ஏணி தூக்கி வைப்பதிலும் போய்விடும். நாளுக்கு அந்த ஐந்து மணி என்று வைத்துத்தான் வகுக்க வேண்டும், எட்டு என்று வைத்தால் கட்டுப்படியாகாது. அப்படி வருகிற மணிக்கணக்கை வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை, ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு என்று மாற்றித்தான் சொல்வேன். மணிக்கணக்கில் கூலி வாங்கினால், கை பழகி வேகம் கூடக் கூட வருமானம் குறையும். அது நியாயமே இல்லை.

வெளிப்பக்கம் மட்டும் என்றால் ஒரு பங்கு. உள்ளேயும் சேர்த்தால் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, ஏணியும் வாளியும் ஏற்கெனவே வந்துவிட்டன இல்லையா. வருஷக்கணக்கில் தொடாத வீட்டுக்கு முதல் தடவை ஒன்றரை மடங்கு. ஸ்லைடிங் ஜன்னலின் தடத்தில் சேர்ந்த மண், வலை கழற்றிக் கழுவுவது, உப்புக்கறை எல்லாம் தனித்தனி வரி. எவ்வளவு சின்ன வீடானாலும் ஒரு குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. இதையெல்லாம் வீட்டைச் சுற்றி நடந்து, எண்ணி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். தாளைப் பார்த்தவர்கள் பேரம் பேசுவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

அப்படியும் கேட்பவர்கள் உண்டு. "என்ன தம்பி, இன்னொருத்தர் இதில் பாதிதான் சொல்கிறார்?" என்றார் ஓர் அம்மா. "அப்படியென்றால் இந்தத் தடவை வெளிப்பக்கம் மட்டும் செய்துவிடுகிறேன் அம்மா, உள்ளே அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். சம்மதித்தார். வேலையைக் குறைக்கலாம், ஒரு கண்ணாடிக்கான விலையைக் குறைக்க மாட்டேன். ஒரு தடவை இறக்கினால் அடுத்த தடவையும் அதே விலையைத்தான் கேட்பார்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்வார்கள்.

அடிமாட்டு விலை சொல்கிறவர்கள் இந்தத் தொழிலில் என்றும் இருப்பார்கள், ஏனென்றால் முதலீடு அவ்வளவு குறைவு. 1936ல் அமெரிக்காவில் எட்டோரே ஸ்டெக்கோன் உருவாக்கிய பித்தளை வைப்பரின் வடிவம்தான் இன்றும் அநேகமாக எல்லார் கையிலும் இருக்கிறது: ஒரு பிடி, ஒரு தகடு, ஒரு ரப்பர் பட்டை. அதோடு ஒரு வாளி இருந்தால் நாளைக்கே யாரும் ஆரம்பிக்கலாம். செயலி அவர்கள் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, விலையை மட்டும் கொட்டை எழுத்தில் காட்டுகிறது. ஓரத்தில் கோடு விழாமல் துடைக்கிறவர் யார், காப்பீடு வைத்திருக்கிறவர் யார் என்பதைக் கீழே தேடித்தான் பார்க்க வேண்டும்.

சரி, காசு கட்டி வாங்குகிற விசாரணை லாபமா? நாலில் ஒன்று கைகூடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வாடிக்கையாளருக்கு நாலு பேருக்கான கட்டணம் போகிறது. ஒரே தடவையோடு முடிந்துவிட்டால் லாபத்தில் பாதி அதிலேயே கரைந்துவிடும். அதே வீடு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூப்பிட்டால், வருஷத்தில் நாலு வேலை மேல் அந்தச் செலவு பரவிவிடும். ஆகவே கிளம்புவதற்கு முன்பே, கண்ணாடி பளபளவென்று இருக்கும்போதே, அடுத்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்வேன். "தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்" என்று விட்டுவிட்டு வந்தால் எண்ணைத் தொலைத்துவிடுவார்கள்.

எனக்கு நிலைத்த வாடிக்கையாளர்களில் அதிகம் பேர் பக்கத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் இரு பக்கத்து வீடுகளுக்கும் எதிரே உள்ள மூன்று வீடுகளுக்கும் ஒரு நோட்டீஸ் கொடுப்பேன். "இப்போதுதான் அந்த வீட்டை முடித்தேன், வேண்டுமானால் போய்ப் பாருங்கள்" என்பதுதான் முழுப் பேச்சும். ஒரே தெருவில் நாலு வீடு சேர்ந்தால் பயண நேரம் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். அந்த மிச்சத்தால்தான் விலையை ஏற்றாமலே வருமானம் கூடுகிறது. செயலி ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடவிடுகிறது.

சேருகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே அமைப்புகளில் சிலவற்றை மாற்றிவிடுங்கள். தூர வரம்பை, ஏற்கெனவே வாடிக்கையாளர் இருக்கிற பகுதியைச் சுற்றி மட்டும் வையுங்கள். எண்களைப் பார்க்கச் செயலியில் போட்டு வைக்கிற இருப்புத் தொகை தானாக நிரம்புவதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தூங்கும்போதும் காசு போகும். 'உடனடி விலை' கட்டத்தில் உங்கள் குறைந்தபட்சக் கட்டணத்தை மட்டும் போட்டு, "நேரில் எண்ணிப் பார்த்த பிறகே முழு விலை" என்று எழுதிவிடுங்கள். அதைப் படித்துவிட்டும் விருப்பம் காட்டுகிறவர்களின் எண்ணுக்கு மட்டும் காசு கட்டலாம்.