27,139 ரூபாய் போச்சு. ரீல்ஸ் போடுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஆள் சேர்த்தால் கமிஷன் என்று சொல்லி என்னை ஏமாற்றியவர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு என்னைத் தூக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. கிரைண்டரில் மாவைப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஆட்களை எப்படி அடையாளம் காண்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

ஈரோட்டில் வாடகை வீட்டு மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருக்கிறேன். அதைத்தான் மூன்று வருஷமாக இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். தக்காளியில் மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் எவ்வளவு கலக்கணும், அவரைக்கு எப்போது பந்தல் போடணும் என்பது மாதிரி விஷயங்கள். 23,000 பேர் பின்தொடர்கிறார்கள். செடிப் பை, தெளிப்பான் போன்றவற்றுக்கு அமேசான் லிங்க் கொடுப்பேன். அந்தத் திட்டத்தில் சேர நாம் காசு கட்ட வேண்டாம். லிங்க்கைத் தொட்டவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினால் நமக்குச் சின்னதாக ஒரு சதவீதம் வரும். பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் அதுவும் கிடையாது. எனக்கு மாதம் 300, 400 ரூபாய் வரும். வேப்பம் புண்ணாக்குச் செலவுக்கே காணாது.

அந்தக் குறையைச் சரியாகப் பிடித்துத்தான் ஏப்ரலில் ஒரு பையன் மெசேஜ் அனுப்பினான். "அக்கா, உங்க ரீல்ஸ் சூப்பர். 23கே வெச்சுக்கிட்டு 400 ரூபாய்க்கு உழைக்கறீங்களே, மனசு கஷ்டமா இருக்குங்க்கா." நான் எவ்வளவு சம்பாதிக்கிறேன் என்று அவனிடம் சொன்னதே நான்தான். முதல் நாளே கேட்டான், நானும் சொல்லிவிட்டேன்.

அது ஆன்லைனில் பாடம் விற்கிற ஒரு தளம். பெயர் வேண்டாம், நாளைக்கு வேறு பெயரில் வரப்போகிறவர்கள்தானே. 9,999 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 11,799. கட்டினால் வீடியோ எடிட்டிங், பேச்சுத் திறமை என்று பாடங்கள் திறக்கும். அதே பாடத்தை நம் லிங்க் வழியாக இன்னொருவர் வாங்கினால் நமக்கு 6,000 ரூபாய். ஒரு செடிப் பைக்குப் பத்து ரூபாய் பார்க்கிறவளுக்கு 6,000 என்றால் எப்படி இருக்கும் யோசியுங்கள். எந்தப் பொருளை விற்றால் பாதிக்கு மேல் கமிஷன் கொடுக்க முடியும் என்று அப்போது ஒரு நிமிஷம் யோசித்திருக்கணும். யோசிக்கவில்லை.

நான் நம்பிய இடம் எது தெரியுமா? அவன் அவசரப்படுத்தவே இல்லை. "மாமாகிட்ட கேட்டுட்டு வாங்கக்கா, நாளைக்குக்கூடப் பரவால்ல" என்றான். ஜூமில் அவன் அம்மாவைக் காட்டினான். அந்த அம்மா, "என் பையன் எனக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் குடுத்தாங் கண்ணு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். அது அவன் அம்மாதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கட்டினேன். கம்பெனி பெயருக்கு இல்லை, ஏதோ ஒரு தனி ஆளின் யுபிஐக்கு. "கம்பெனி பேமெண்ட் கேட்வேல பிரச்சனைக்கா" என்றான். சரி என்றேன்.

முதலில் வாங்கியது என் சித்தி மகள். இரண்டே நாளில் டிடிஎஸ் (கமிஷனில் முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) 120 போக 5,880 என் கணக்கில் வந்து விழுந்தது. டிடிஎஸ் எல்லாம் பிடிக்கிறார்களே, இது முறையான கம்பெனிதான் என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்தேன். ஆகஸ்ட் ஆகிவிட்டது, நம் பேரில் பிடித்த வரியைக் காட்டுகிற 26ஏஎஸ் படிவத்தில் இன்றுவரை அந்த 120 இல்லை. பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் 'ரத்து' என்று வருகிறது. இரண்டு நிமிஷ வேலை. கட்டுவதற்கு முன்னால் பார்த்திருக்கலாம்.

5,880 வந்த மறுவாரம் அவனே கூப்பிட்டான். அடுத்த பேக்கேஜுக்கு மாறினால்தான் இனி முழுக் கமிஷனாம். 13,000, ஜிஎஸ்டியோடு 15,340. நகைச் சீட்டுக்கு எடுத்து வைத்திருந்ததைக் கட்டினேன். 11,799-ம் 15,340-ம் சேர்ந்தால் 27,139. இந்த எண் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அப்புறம் தோட்டத்தில் நின்றுகொண்டு, பின்னால் பாகல் கொடி தெரிய, "என் வாழ்க்கையை மாத்தின விஷயம்" என்று ஒரு ரீல் போட்டேன். அவன் எழுதிக் கொடுத்த வசனம். அதை நம்பி இன்னும் இரண்டு பேர் வாங்கினார்கள். ஒருத்தி பவானிப் பக்கம் தையல் வேலை பார்க்கிறவள், மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கட்டியிருக்கிறாள். அவள் என்னிடம் வந்தது கத்தரிக்காய்ச் செடிக்கு வழி கேட்டு.

அந்தத் தளத்தில் என் கணக்கைக் காட்டும் டேஷ்போர்டில் 12,000 ரூபாய் பச்சை எழுத்தில் இருந்தது. எடுக்கப் போனால் முதலில் "கேஒய்சி நிலுவை". கொடுத்தேன். அப்புறம் "வங்கி விடுமுறை". அப்புறம் "இந்த மாதம் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் தானாகத் திறக்கும்". உதவி எண்ணுக்குப் போட்டால் டிக்கெட் எண் ஒன்று தருவார்கள், 48 மணி நேரம் என்பார்கள், மூன்றாம் நாள் அதை அவர்களே மூடிவிடுவார்கள். பாடத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன், பணத்தைக் கொடுங்கள் என்றேன். ஏழு நாள் ரீஃபண்ட் உண்டாம், ஆனால் முதல் வீடியோவைத் திறந்துவிட்டால் கிடையாதாம். திறக்காமல் எப்படித் தெரியும், அது நல்ல பாடமா இல்லையா என்று?

அந்தப் பையன் கடைசியாக அனுப்பிய குரல் பதிவு இன்னும் போனில் இருக்கிறது. "அக்கா, உங்க மைண்ட்செட்தான் பிரச்சனை. நெகட்டிவா யோசிக்கறவங்களுக்குப் பணம் ஒட்டாது." என் 27,139 ரூபாய் அவனிடம் நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது. நேற்று குழுவில், "யாருக்காவது இந்த மாதம் பணம் வந்ததா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதில் வருவதற்குள் நான் வெளியே.

இன்று காலை சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்தேன். பரிவர்த்தனை எண், தேதி எல்லாம் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். பணம் போன உடனே கூப்பிட்டிருந்தால் கணக்கை முடக்கப் பார்த்திருக்கலாம், மாதக் கணக்கில் தள்ளிவிட்டீர்களே அம்மா என்றார் அந்தப் பெண். வக்கீல் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். ஆள் சேர்த்தால் காசு என்கிற பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டதாம். நடத்துபவர்கள் மட்டுமில்லை, ஆள் சேர்ப்பதும் அதில் குற்றம்தானாம். வயிறு கலங்கிவிட்டது. மூன்று பேரைச் சேர்த்தவள் நான்தானே. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டுத் தலையில் கைவைத்தவர்களைப் பார்த்து, இப்படியும் ஏமாறுவார்களா என்று சிரித்த ஊர்க்காரி நான்.

சித்தி மகளுக்கு அந்த 5,880-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆக 27,139 முழுசாகப் போனதுதான். ரீலை நீக்கிவிட்டேன். மற்ற இருவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், மாவு பொங்கிவிடும்போல் இருக்கிறது, சுருக்கமாக: லிங்க் போட்டுச் சம்பாதிக்க நீங்கள் காசு கட்டணும் என்றால் கட்டாதீர்கள். தனி ஆள் யுபிஐக்குப் போடவே போடாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள். முதல் பணம் வந்தது என்பதற்காக நம்பாதீர்கள், அது தூண்டில் புழு. ஏமாந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே 1930. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வையுங்கள், குழுவிலிருந்து தூக்குவதற்கு முன்னால்.

போன் அடிக்கிறது. பவானிக்காரிதான், காலையிலிருந்து மூன்றாவது முறை. எடுக்கணும்.