கடைச் சம்பளமா, டெலிவரியா? ஈஐடிசி கணக்கில் எது கைகொடுக்கும்?

இரண்டு வருடம் உணவு டெலிவரி ஓட்டிவிட்டு, 2024 தொடக்கத்தில் மளிகைக் கடை வேலைக்கு மாறினேன். நியூ ஜெர்சியில் நாங்கள் நாலு பேர், சம்பாதிப்பது நான் மட்டும். குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கு அமெரிக்க வரித் தாக்கலில் கிடைக்கும் சலுகைத் தொகைதான் ஈஐடிசி கிரெடிட். அதில் நூறு டாலர் குறைந்தாலும் வீட்டில் தெரியும்.

இந்தக் கிரெடிட்டுக்கு உழைப்பு வருமானம் வேண்டும். கடைச் சம்பளம், டெலிவரி இரண்டுமே உழைப்பு வருமானம்தான், அதில் சந்தேகமில்லை. வேலையில்லாக் காலப் பணம், வட்டி, பென்ஷன் இதெல்லாம் சேராது. ஊரில் என்ஆர்இ டெபாசிட் (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கி டெபாசிட்) வைத்திருப்பவர்கள் மட்டும் கவனியுங்கள்: அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லாவிட்டாலும் இங்கே காட்டியாக வேண்டும். 2024 கணக்குப்படி முதலீட்டு வருமானம் 11,600 டாலரைத் தாண்டினால் கிரெடிட்டே கிடையாது.

சரி, வித்தியாசம் எங்கே? கடை வேலையில் டபிள்யூ-2 (முதலாளி தரும் வருடாந்திரச் சம்பளச் சான்று) காட்டும் சம்பளத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். டெலிவரியில் செலவு போக மிஞ்சுவதுதான் கணக்கு.

கடையில் எனக்கு 24,000 டாலர் வந்தது. இரண்டு பிள்ளைகள், மனைவியோடு சேர்த்துத் தாக்கல் செய்தேன். முழு 6,960 டாலரும் கிடைத்தது. அதே 24,000ஐ 20,000 மைல் ஓட்டிச் சம்பாதித்திருந்தால், கார் செலவாக மைலுக்கு 67 சென்ட் (2024 விகிதம்) வீதம் 13,400 கழிந்து 10,600தான் நிற்கும். சுயதொழில் வரியில் பாதி, சுமார் 750, அதுவும் போகும். இந்த அளவு வருமானத்தில் வருமானம் குறைந்தால் கிரெடிட்டும் குறையும் என்பதால், மிச்சத்துக்குக் கிரெடிட் 3,950 பக்கம்தான் வரும். அதிலிருந்தும் சுயதொழில் வரி 1,500 பிடிபடும். "மைலைக் காட்டாமல் விட்டால் கிரெடிட் கூடுமே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அப்படி விடக் கூடாது; உரிய செலவு முழுவதையும் கழித்தே ஆக வேண்டும்.

வீட்டில் டியூஷன் எடுப்பவர்களுக்குச் செலவு குறைவு என்பதால் இடைவெளி இவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன். அந்த வேலை நான் செய்ததில்லை. மனைவியும் வேலைக்குப் போய் இருவர் வருமானம் 29,640ஐத் (2024 கணக்கு) தாண்டினால் கணக்கு தலைகீழாகிவிடும்: அதற்கு மேல் வருமானம் கூடக் கூடக் கிரெடிட் குறையும். அப்போது செலவைக் கழிப்பதுதான் கிரெடிட்டைக் காப்பாற்றும்.

ஆனால் நான் கடையைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் ஆதாரம். என் 2023 மைல் நோட்டு இன்னும் காருக்குள்தான் இருக்கிறது. கிளம்பும்போது ஒரு எண், திரும்பும்போது ஒரு எண். மழையில் நனைந்து மை கலங்கிய பக்கங்களின் மேல் பென்சிலால் திரும்ப எழுதியிருக்கிறேன். ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் துறை) கடிதம் போட்டால் அதைத்தான் நீட்ட வேண்டும். கடை வேலைக்கு ஜனவரி முடிவதற்குள் டபிள்யூ-2 என்று ஒரே ஒரு தாள் வந்துவிடுகிறது.